சாரல் விழும் வரை

இலஞ்சி,
ஏப்ரல் 21

அன்புத் தங்கச்சி மாரிசெல்விக்கு,

உலகம்மாள் அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் உன் மகளும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை பெருமாள்சாமியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். கோபப்படாமல் படி.

நீ வீடியோவில் முகத்தைக் காட்டிவிட்டு வைத்த பிறகு நிலா அந்தப் போனை விடமாட்டேன் என்கிறாள். தட்டுகிறாள், நக்குகிறாள், திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறாள். அப்புறம் அழ ஆரம்பித்தால் தின்றதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. முந்தாநாள் அழுத அழுகையில் மூச்சு முட்டி உதடு நீலமாகிவிட்டது. அத்தான் சட்டைகூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். ஒன்றரை வயதுகூட ஆகாத பிள்ளைக்கு நாம் என்ன சொல்லி விளங்க வைக்க முடியும்? கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம். எழுது, நான் பதில் போடுகிறேன். அவள் மனசு ஒரு நிலைக்கு வரட்டும்.

மற்றபடி குறையில்லை. வேனல் கட்டியெல்லாம் வற்றிவிட்டது. உங்கள் ஷீட் கூரை வீட்டில் வெந்து, காய்ச்சல் ஏறி, ஜன்னி கண்ட பிள்ளை இதுதானா என்று நீயே கேட்பாய். இங்கேயும் வெயில்தான். ஆனால் மத்தியானம் தாண்டினால் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று இறங்கிவிடுகிறது. நம் ஓட்டு வீடும் அவ்வளவாகச் சுடுவதில்லை.

சாரல் விழுந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதுவரை அவள் என் பொறுப்பு. பதறாமல் வேலையைப் பார்.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா உலகம்மாள்


ஒரகடம்,
மே 7

அக்காவுக்கும் அத்தானுக்கும் செல்வியின் வணக்கம்.

நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அவர் வல்லம் வடகாலில் வெல்டிங் ஷாப்பில் நெருப்போடு நிற்கிறார். அதனால் அவருக்கு வெளியே வெயில் அடிப்பது பெரிதாகத் தெரியவில்லையாம். அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

போன் வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்து நன்றாக அழுதேன். ஆனால் நீ சொல்வது சரிதான். திடீரென்று பால் மறக்கடித்ததில் எனக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. கம்பெனி லைனில் நிற்கும்போது பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியாவது பேசினால் கோட்டு நனைந்துவிடுகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஒரு கூத்தைக் கேள். நாங்கள் செல்போனுக்கு போர்டு செய்கிற இடம் முழுக்க ஏ.சி. உள்ளே கொஞ்சம் சூடு ஏறினாலும் போர்டு கெட்டுவிடும் என்று சூப்பர்வைசர் ஓடி வருகிறார். எட்டு மணி நேரம் நடுங்கிவிட்டு வந்து கதவைத் திறந்தால், வீடு அடுப்பில் வைத்த தோசைக்கல். அந்தக் குளிரில் ஒரு ஓரமாக என் பிள்ளையைப் படுக்கப் போட்டிருந்தால் ஜன்னி வந்திருக்குமா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போர்டுக்குக் கிடைக்கிற குளிர் அவளுக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு கங்கா அக்கா, "இன்னா செல்வி, புள்ளைய எப்போ இட்டாறப் போறே?" என்று வாசலிலேயே பிடித்துக் கேட்கிறாள். சாரல் விழட்டும் அக்கா என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதல் சாரல் விழுந்த அன்றே எனக்கு எழுது. லீவுக்குச் சொல்ல வேண்டும்.

நிலாவுக்கு என் முத்தம். அவள் குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்.

உன் தங்கை
செல்வி


இலஞ்சி,
ஜூன் 4

அன்புள்ள செல்விக்கு,

இங்கே மூவரும் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் உலகம்மனை வேண்டிக்கொண்டேன்.

நேற்று சாரல் விழுந்துவிட்டது. உடனே எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன். அத்தான் குற்றாலத்தில் பழக்கடையைப் போட்டாயிற்று. நிலா முற்றத்தில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நனைகிறாள், தூக்கி உள்ளே விட்டால் திரும்ப ஓடுகிறாள். பார்க்கிறவர்களெல்லாம், "ஏட்டி உலகு, பிள்ள உன்ன மாதிரியேல்லா சிரிக்கா" என்கிறார்கள். நம் இரண்டு பேருக்கும் ஒரே பல்வரிசைதானே, வேறென்ன.

நீ வருவதாகச் சொன்னாய், வா. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டிவியில் உங்கள் பக்கம் நாற்பத்தியொரு டிகிரி என்கிறான். சாரல் இங்கேதானே விழுந்திருக்கிறது? அங்கே விழுந்துவிட்டதா? அதை மட்டும் யோசித்துவிட்டு டிக்கெட் போடு.

அக்கா உலகம்மாள்


ஒரகடம்,
ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நான் ஒரு முட்டாள். சாரல் விழுந்ததும் என்று கெடு வைத்தேனே, நம் ஊர்ச் சாரலை மனசில் வைத்துக்கொண்டு. ஆனி பிறந்தால் எல்லா ஊரிலும் காற்று குளிர்ந்துவிடும் என்று இருபத்தைந்து வருஷமாகப் பழகிய புத்தி. கல்யாணம் ஆகி இங்கே வந்தும் அது மாறவில்லை. கங்கா அக்காவிடம் சாரல் விழுந்துவிட்டதாம், பிள்ளையைக் கூட்டிவரப் போகிறேன் என்று சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சாரலா? அது இன்னாமா? இங்க ஆடி போனாத்தான் சாயந்தரத்துல எப்பனாச்சும் ஒரு மழ. ஐப்பசி வந்தாத்தான் வூடே குளிரும்" என்றாள். வீட்டு ஓனர் கன்னியப்பனும், இதே இடத்தில் அவர் நெல் போட்ட காலத்திலும் ஆனியில் மழை பார்த்ததில்லை என்றார்.

எழுதி வாங்கிய லீவை நானே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டார். எங்கள் ஊரில் மழை பெய்துவிட்டது சார், இங்கே பெய்யவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஆடி முடியும் வரை அவள் அங்கே இருக்கட்டும். இந்தச் சூட்டில் கொண்டுவந்து மறுபடியும் கண் சொருகினால் என்னால் தாங்க முடியாது. அக்கா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அவள் "அம்மா" என்று சொல்கிறாளா? சொன்னால் எதைப் பார்த்துச் சொல்கிறாள்? என் போட்டோவைக் காட்டுகிறாயா?

செல்வி


ஒரகடம்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அவர் அத்தானுக்குப் போன் போட்டபோது, எல்லாம் நல்லா இருக்கு தம்பி என்று சொல்லி உடனே வைத்துவிட்டாராம். கடையில் கூட்டமாக இருந்திருக்கும்.

இங்கே இப்போது பரவாயில்லை. சாயங்காலம் இடித்துக்கொண்டு வருகிறது. அதிலும் வேடிக்கை, வாலாஜாபாத்தில் ரோடு முழுக்கத் தண்ணீர் என்கிறார்கள், இங்கே ஒரு பொட்டு விழுவதில்லை. மறுநாள் இங்கே கொட்டுகிறது, சிங்கப்பெருமாள் கோவில் காய்ந்து கிடக்கிறது. அவர் ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பி வெள்ளையும் அடித்திருக்கிறார். மத்தியானத்தில்கூட உட்கார முடிகிறது.

அடுத்த மாதம் வருகிறேன். லீவு கிடைத்துவிட்டது. நிலாவுக்கு ஒரு பச்சைக் கவுன் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரியாமல் கங்கா அக்கா பேத்தியை வைத்து அளவு பார்த்தேன்.

செல்வி


இலஞ்சி,
ஆகஸ்ட் 22

செல்விக்கு,

சுகம். சீசன் கூட்டத்தில் எழுதக் கை ஒழியவில்லை, கோபிக்காதே.

அடுத்த மாதம் வர வேண்டாம். பிள்ளைக்குச் சாரல் ஒத்துக்கொள்ளாமல் இருமல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ராத்திரியெல்லாம் தோளிலேயே கிடக்கிறாள். இங்கே இன்னும் விடாமல் பெய்கிறது. இப்படி இருக்கிறவளை ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அங்கேயும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கனமழை என்று டிவியில் ஓடுகிறது. உங்கள் வீடு தாழ்வான இடம், வயலாக இருந்த இடம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தண்ணீர் நின்றால் கொசு, கொசு வந்தால் டெங்கு. பெற்றவளுக்கு இதெல்லாம் நான் சொல்லித்தர வேண்டுமா?

தீபாவளிக்கு இரண்டு பேரும் வாருங்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம். கவுனைப் பத்திரமாக வை.

அக்கா


ஒரகடம்,
நவம்பர் 11

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை, பார்த்துவிட்டுத்தானே வந்தேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது நிலா உன் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். அதற்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன். பிள்ளை மறந்திருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும் என்று ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் நீ குனிந்து, "யாரு வந்துருக்கா பாரு, சித்தி வந்துருக்கா" என்று சொன்னாயே. உன் வாயில் அது தடங்கலே இல்லாமல் வந்தது. அவள் உன்னை அண்ணாந்து பார்த்து "அம்மா, தூக்கு" என்றாள். ஜூனில் நான் கேட்ட கேள்விக்கு நீ ஏன் பதில் போடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வீட்டு கோமதி மதினியிடம், ஆகஸ்டில் பிள்ளைக்கு ரொம்ப முடியாமல் இருந்ததா என்று கேட்டேன். "முடியாமலா? குத்துக்கல்லு மாதிரில்லா இருந்தா. தெருவெல்லாம் ஓடிக்கிட்டுத் திரிஞ்சா. போன ஆவணில மழையும் எங்கனட்டி பெஞ்சுது?" என்றாள். உன்னிடம் அப்போது சண்டை போடவில்லை. தீபாவளி வீட்டில் அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவளைத் தூக்கினேன். என்னமோ பிள்ளை பிடிக்கிறவள் தூக்கியது போல் அலறினாள். மூச்சு நின்று உதடு நீலமானது. தூக்கிய கையோடு உன்னிடம் கொடுத்துவிட்டேன். நான் பெற்றேன், நானே கொடுத்துவிட்டு வந்தேன். இதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது அக்கா.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கியபோது, "இன்னா, வெறுங்கையோட வந்துகீறே?" என்று கங்கா அக்கா கேட்டாள். மழை என்றேன். வானத்தில் மேகமே இல்லை. அவள் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

தை பிறந்ததும் நானும் அவரும் வருகிறோம். அந்த மாதம் இங்கே வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. நீ சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

செல்வி


இலஞ்சி,
டிசம்பர் 10

என் செல்விக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து கடைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். எனக்கு அவளைத் தர மனசில்லை. மழையும் இல்லை, இருமலும் இல்லை, மனசில்லை. எனக்கு வயிற்றில் தங்கித் தங்கிக் கலைந்தது உனக்குத் தெரியும். கடைசியாகக் கலைந்தபோது ஆஸ்பத்திரியில் என் கூட இருந்தவளே நீதான். அம்மா என்று கூப்பிட நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் விளையாடிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. திருத்த வாய் வரவில்லை செல்வி.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரையாவது விட்டு வை. நீ ஷிப்டுக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? யாரோ ஒரு கங்காவா? உனக்கு இன்னும் வயது இருக்கிறது, இன்னொன்று பிறக்கும். எனக்கு இனி யாரும் இல்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

உங்கள் பக்கம் புயல் என்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? இதைச் சாக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே உன்னை நினைத்துக் கேட்கிறேன்.

உன் அக்கா


ஒரகடம்,
பிப்ரவரி 14

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

மூவரும் நலம். மூவரும் என்று எழுத எனக்கு இத்தனை மாதம் ஆகிவிட்டது.

தையில் நாங்கள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது ரயிலடி வரைக்கும் வந்தாய். அவள் துணியையெல்லாம் மடித்து, எதை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாய். அதற்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. வண்டி செங்கோட்டையிலிருந்து மதுரை வரும் வரை அவள் அழுதாள். பெட்டியில் இருந்தவர்கள், இது உங்க பிள்ளைதானா என்று அவரிடம் கேட்டார்கள். அவர் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினார்.

முதலில் எதையும் தின்னவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று "அம்மா, அம்மா" என்று தெருவைப் பார்த்துக் கூப்பிடுவாள். பின்னால் இருந்து நான், என்னம்மா என்பேன். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தெருவைக் கூப்பிடுவாள். உன் மேல் வந்த கோபத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறேன். உன்னை நினைத்து அழுதும் இருக்கிறேன்.

இப்போது ஒரு வாரமாகச் சாப்பிடுகிறாள். நானும் அவரும் ஷிப்டை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், நடுவில் கங்கா அக்கா வைத்துக்கொள்கிறாள். நேற்று விழுந்தபோது என்னிடம்தான் ஓடி வந்தாள்.

வீடியோவில் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதாக அத்தான் அவரிடம் கேட்டாராம். வேண்டாம் அக்கா. உன் குரல் காதில் விழுந்தால் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். கொஞ்ச நாள் போகட்டும். நீ எனக்கு எழுதியதைத்தான் நானும் எழுதுகிறேன்.

செல்வி


இலஞ்சி,
ஏப்ரல் 12

அன்புள்ள செல்விக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. போன கடிதத்துக்குப் பிறகு நான் போனைத் தொடவில்லை, அத்தானைக் கேட்டுப் பார்.

பங்குனி முடியப் போகிறது. அங்கே வெயில் ஏறிவிட்டதா? கீற்றை மாற்றிப் போட்டீர்களா? போன வருஷம் இந்தச் சமயத்தில்தானே அவளுக்குக் கண் சொருகியது. வெயிலுக்கு மட்டும் இங்கே அனுப்பு. போன தடவை மாதிரி நடக்காது. பெரியம்மா என்றே சொல்லிக் கொடுக்கிறேன், கூப்பிடாவிட்டாலும் போகட்டும். நீ எப்போது வந்து கேட்டாலும் மறுபேச்சு இல்லாமல் தருவேன். உலகம்மன் மேல் ஆணை.

அக்கா


ஒரகடம்,
மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த வருஷம் இங்கே வெயில் அவ்வளவாக இல்லை. காற்று வருகிறது. வீடும் சுடவில்லை. நிலா நன்றாக இருக்கிறாள். வாயைத் திறந்தால் கங்கா அக்கா மாதிரியே "இன்னா, இன்னா" என்கிறாள்.

அதனால் அனுப்ப வேண்டிய தேவை இல்லை. நீயும் அலைந்து வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வி


இலஞ்சி,
மே 14

என் தங்கச்சி செல்விக்கு,

வெயில் இல்லை என்று எழுதியிருந்தாய். நேற்று மாப்பிள்ளை அத்தானிடம் பேசினார். நிலாவுக்கு நெற்றியெல்லாம் வேனல் கட்டி, மூன்று நாளாகக் காய்ச்சல், ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அழுதாராம். அவரைத் திட்டாதே. நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். மழை, மழை என்று நானும் உனக்கு எழுதியவள்தான்.

உன் பயம் நியாயம். உலகம்மன் மேல் ஆணையிட்டதை நீ நம்பவில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆனால் பிள்ளை கிடந்து வேகக் கூடாது. அதனால் நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன்.

அவளை அனுப்ப வேண்டாம். நீயே தூக்கிக்கொண்டு வா. வந்து இந்த வீட்டில் இரு. நான் இங்கே இருக்க மாட்டேன். கடையநல்லூரில் அத்தானின் சித்தி வீட்டுக்குப் போகிறேன். அத்தான் கடையிலேயே படுத்துக்கொள்வார். ஒரகடத்தில் வெயில் தணிந்து நீங்கள் ஊர் திரும்பும் வரை இந்தத் தெருப்பக்கம் வர மாட்டேன். நான் அவள் கண்ணிலும் பட மாட்டேன், என் குரலும் அவள் காதில் விழாது. சுவரில் மாட்டியிருந்த என் போட்டோவையும் எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

சாவி கோமதி மதினியிடம் இருக்கிறது. சாயங்கால பஸ்ஸுக்கு நான் கிளம்புகிறேன். பதில் எழுதிக்கொண்டு இருக்காதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறு.

நிலாவின் பெரியம்மா
உலகம்மாள்